டோக்கன் பதினேழு, வலது காது

தூங்கிவிட்டாள் போலத்தான் இருந்தது. ஆனால் இருபத்திரண்டு நாள் வயதுக்காரர்களின் தூக்கத்தை நம்பவே கூடாது என்று வினோலியா இந்த இருபத்திரண்டு நாளில் நன்றாகப் படித்துவிட்டாள். கண் மூடியிருக்கும், விரல்கள் பிரிந்து கிடக்கும், வாய் மட்டும் காம்பை விட்ட பிறகும் காற்றை மென்றுகொண்டிருக்கும், சரி என்று ஓர் அங்குலம் குனிந்தால் போச்சு, முகம் சிவந்து பாளையங்கோட்டை முழுவதையும் கூட்டிவிடுவாள். அதனால் வினோலியா குனியவில்லை, முதுகு கடுத்தபோதும் சாயவில்லை, ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், காது பரிசோதனை அறைக்குப் பக்கத்தில், பால் கொடுக்கிறவர்களுக்கென்று பச்சைத் திரை போட்டு மறைத்திருந்த மூலையில், பிளாஸ்டிக் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கையில் டோக்கன் பதினேழு. உள்ளே போயிருப்பது பதினைந்து. பதினாறு வராந்தாவில் அப்பாவின் தோளில் முழித்துக்கொண்டு எல்லாரையும் வேடிக்கை பார்க்கிறது, நிம்மதியான பையன், அவன் தூங்கி அவன் முறை முடிவதற்குள் இவள் எழுந்துவிட்டால் என்ன செய்வது, மறுபடி பால் கொடுக்கலாம், ஆனால் வயிறுதான் நிறைந்திருக்கிறதே. பிள்ளை தூங்கினால்தான் இந்தச் சோதனை. சப்பினால், சிணுங்கினால், கால் உதைத்தால் அந்தச் சத்தத்தையே கேட்டு மிஷின் குழம்பிவிடுமாம். விடிந்ததிலிருந்து தூங்க விடாமல், பசியோடு கூட்டிக்கொண்டு வாங்க, இங்க வந்து பாலக் கொடுத்துத் தூங்க வைங்க என்று போனில் சொல்லியிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தூங்குகிற பிள்ளையை எழுப்பிக்கொண்டே இருப்பதற்கு ஒரு அம்மாவுக்கு உத்தரவு, அதற்குத் துணை எஸ்தர்கனி மைனி, கணவனின் அக்கா, ரேஷன் கடையில் எடை போடுகிறவள், நூறு பேர் வரிசையை ஒற்றைக் குரலில் நேராக்குகிறவள். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் ஈரத் துணியால் பிள்ளையின் உள்ளங்காலைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, முழி! தூங்குனா சீனி கெடையாது, பாமாயில் கெடையாது, கார்ட கேன்சல் பண்ணிருவேன் பாத்துக்க" என்று மிரட்டிக்கொண்டே வந்தாள். ஆட்டோக்காரர் சிரித்துச் சிரித்து முருகன்குறிச்சியில் திரும்பாமல் நேராகப் போய்விட்டார்.

அந்தக் குரலுக்குப் பிள்ளை முழித்தது உண்மை. குரலுக்கா ஈரத் துணிக்கா என்பதுதான் கேள்வி. வினோலியா அப்போதும் அதைத்தான் கவனித்தாள், மைனி எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், இடப்பக்கம், சரி, அப்படியானால் அது கணக்கில்லை. இடது காது பாஸ். பிறந்த இரண்டாம் நாளே பாஸ். அன்றைக்கு ஒரு நர்ஸ் சின்னப் பெட்டியோடு வந்து, பிள்ளையின் காதில் ரப்பர் மொட்டு ஒன்றை வைத்து எடுத்து, ஒரு சீட்டு நீட்டினாள்: இடது, பாஸ், வலது, ரெஃபர். "ஃபெயிலா சிஸ்டர்?" "ஃபெயில்னு சொல்லக்கூடாது. ரெஃபர். மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவ பாக்கணும்." கான்வென்டில் படித்தவளிடம் அந்தச் சமாதானம் செல்லுமா, பன்னிரண்டு வருஷம் மார்க் சீட்டோடு வாழ்ந்தவள், பாஸ் இல்லாத எதுவும் அவளுக்கு ஒன்றேதான். சீட்டை நாலாக மடித்துத் தடுப்பூசி அட்டைக்குள் செருகினாள். அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அம்மா ஜெபக் குழுவுக்குச் சொல்வாள், ஜெபக் குழு சாந்திநகர் முழுக்கச் சொல்லும். பெங்களூருக்கு வேலைக்குத் திரும்பிவிட்ட கணவன் ஜெபசிங்கிடம் மட்டும் சொன்னாள், அவன், "நமக்கு ஒண்ணும் வராது வினோ" என்றான், பிறகு அக்காவிடம் உளறிவிட்டான். இப்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவனிடமிருந்து ஒரே செய்தி, ஆச்சா? ஆச்சா? ஆச்சா? இவளும் ஒவ்வொன்றுக்கும் இல்ல, இல்ல, இல்ல என்று பதில் போட்டுக்கொண்டிருந்தாள், தாளம் தப்பாமல்.

அவளுக்குத் தாலாட்டு வராது. இதுவும் ஒரு ரகசியம். முதல் நாலைந்து நாள் எல்லாரும் எதிர்பார்த்த அந்த ஆராரோவை ஆரம்பித்து இரண்டாவது வரியில் வழி தெரியாமல் நின்றாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு ரஃப் நோட்டு முழுக்கச் சேர்த்து வைத்த துணுக்குகள், இங்கிலீஷ் பாட்டுக்காரர்கள் எங்கே பிறந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எந்தக் கை, எத்தனை பல். பாட்டைவிட அவளுக்கு இதுதான் பிடிக்கும், பாட்டு எல்லாருக்கும் தெரியும், இது தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர், அந்தக் கொஞ்சம் பேரில் ஒருத்தியாக இருப்பதில் நாக்குக்கடியில் மிட்டாய் ஒளித்து வைத்தது போல ஒரு சுகம். ஆகையால் அதையே தாலாட்டாக்கினாள். குனிந்து, மெதுவாக, பிள்ளையின் இடது காதில்: ஃப்ரெடி மெர்க்குரி சான்சிபாரில் பிறந்த பார்சிப் பையன்டி தங்கம், படித்தது பஞ்ச்கனி போர்டிங் ஸ்கூல், வாயில் நாலு பல் அதிகம், எடுத்தால் குரல் போய்விடும் என்று எடுக்கவே விடவில்லை. க்ளிஃப் ரிச்சர்ட் நம்ம லக்னோ. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இடக்கைக்காரன், வலக்கை கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி வாசித்தான். பீட்டில்ஸ்ல பால் மெக்கார்ட்னிக்கு ஸ்வரக் குறிப்பு படிக்கவே தெரியாது, உன் அம்மாவுக்குத் தாலாட்டு தெரியாத மாதிரி. பிள்ளை தூங்கியது. ஜெபசிங்கின் வீட்டு ஆட்கள் யாரோ இதைக் கேட்டுவிட்டு, "பைபிள் வசனமா சொல்லுதா?" என்று கேட்டார்களாம், மைனி, "ஆமா, லேவியராகமம்" என்று சொல்லிவிட்டாளாம்.

எப்போதும் இடது காதில்தான் சொல்கிறாள் என்பது அவளுக்கே பத்தாம் நாள்தான் உறைத்தது. வலது காதின் பக்கம் அவள் வாய் போவதில்லை. ஒரு வீட்டுக் கதவைத் தட்டி யாரும் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று தட்டாமலே திரும்பி வருகிறவள் மாதிரி. இப்போதும் பிள்ளை வலது மார்போடு ஒட்டிப் படுத்திருக்கிறாள், இடது காது அம்மாவின் முழங்கை மடிப்பில் புதைந்திருக்கிறது, வலது காது மேலே, வெட்டவெளியில், பச்சைத் திரை வழியாக வரும் வெளிச்சத்தில் உலர்ந்த ரோஜா இதழ் மாதிரி மடிந்து, என்ன அழகான காது, பூனைமுடி ஓரத்தில், இந்தக் காதா ரெஃபர், இதற்கு என்ன குறை, வெளியே ஒன்றும் குறையில்லை, உள்ளேதான் எதுவோ, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். ப்ரையன் வில்சன். அந்தப் பெயர் வந்ததும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, மூன்று வாரமாக அவர்தான் அவளுக்குத் துணை. பீச் பாய்ஸ் குழுக்காரர். வலது காது, ஆமாம் வலது காதுதான், சின்ன வயதிலிருந்தே ஏறக்குறையக் கேட்காது. ஸ்டீரியோ என்றால் என்னவென்று முழுதாக அறியாத மனுஷன், ஒரே காதை வைத்துக்கொண்டு, அத்தனை குரலை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, உலகமே வாயைப் பிளக்கிற மாதிரி. ஸ்காட்லாந்தில் ஈவ்லின் க்ளென்னி, இரண்டு காதுமே கேட்காது, செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் நிற்பாள், தரை வழியாகப் பாதத்தில் கேட்டுக்கொண்டு உலகத்து டிரம் எல்லாவற்றையும் வாசிப்பாள். டோனி அயோமி, தகரத் தொழிற்சாலை, வேலையின் கடைசி நாளில் இரண்டு விரல் நுனி போனது, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு கிட்டார். ரிங்கோ, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாதக் கணக்கில் கிடந்த பையன், பக்கத்து அலமாரியைத் தட்டித் தட்டித்தான் டிரம்மர் ஆனான். எல்லாம் நல்ல கதைகள். ஸ்டீவி வொண்டர், பதின்மூன்று வயதிலேயே அமெரிக்காவில் முதலிடம், குறைமாதப் பிள்ளை, இன்குபேட்டரில், அதில் ஆக்சிஜன் கூடிப்போய்க் கண், வேண்டாம், இது வேண்டாம், இது இங்கே வரக்கூடாது. அந்தத் துணுக்கை அவள் எட்டாம் வகுப்பில் பச்சை மையில் எழுதி நட்சத்திரம் போட்டிருந்தாள், என்ன பெண், நட்சத்திரம் போடுகிற விஷயமா அது, ஒரு அம்மா அந்த இன்குபேட்டர் பக்கத்தில் நின்றிருப்பாள் என்று பதின்மூன்று வயதுக்குத் தோன்றவே இல்லை.

அந்த நோட்டைத்தான் சிஸ்டர் இம்மாகுலேட் மறைக்கல்வி வகுப்பில் பிடித்தார். எல்லாரும் பத்துக் கட்டளை எழுதிக்கொண்டிருக்கும்போது இவள் ஸ்வீடனில் இருந்தாள். "எழுந்து வாசி, வினோலியா. சத்தமா." வாசித்தாள்: ஆபா குழுவினர் அந்தப் பெயரை வைப்பதற்கு முன்னாலேயே அந்த ஊரில் அதே பெயரில் ஒரு மீன் கம்பெனி இருந்தது, டப்பாவில் மீன் அடைக்கிற கம்பெனி, அவர்களிடம் அனுமதி கேட்டபோது, எங்கள் மானத்தை வாங்காமல் இருந்தால் சரி என்று கம்பெனி சொன்னது. வகுப்பு மூச்சு விடவில்லை. சிஸ்டரின் உதடு மட்டும் ஒரு ஓரத்தில் துடித்தது, பிறகு இன்னொரு ஓரத்தில், பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. "நோட்டு என்கிட்ட இருக்கட்டும்" என்றார். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தபோது, பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றிருப்பார் என்று நினைத்தாள், இல்லை, கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில், இவளைப் பள்ளி வினாடி வினாக் குழுவில் சேர்க்கவும் என்று எழுதியிருந்தது. அப்படித்தான் தூத்துக்குடிக்குப் போனது, பதினேழு பள்ளிக்கூடம், இறுதிச் சுற்று, கடைசிக் கேள்வி, கையில் பஸ்ஸர். "மெட்ராஸில் பிறந்து, பத்துப் பிள்ளைகளில் ஒருவராக வளர்ந்து, இங்கிலாந்தில் புகழ்பெற்ற" என்று அந்த மனிதர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அழுத்திவிட்டாள். எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க்! கத்தினாள். "தவறு. நான் கேள்வியை முடிக்கவில்லை. எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் என்ற பாடகர் தன் மேடைப் பெயரை யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்?" பக்கத்துப் பள்ளிப் பையன் நிதானமாக, பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் ஒருவரின் பெயர் அது என்று சொன்னான், கோப்பை போனது. அதுவும் அவளுக்குத் தெரியும்! அதுதான் கொடுமை. பஸ் முழுக்க அழுதுகொண்டு வந்தவளிடம் சிஸ்டர் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே, "உனக்குப் பதில் தெரியாம இல்ல. உனக்குக் காத்திருக்கத் தெரியல" என்றார். இன்னும் தெரியவில்லை சிஸ்டர். மூன்று வாரமாக அழுத்திய பஸ்ஸரிலிருந்து கை எடுக்கவில்லை. கேள்வி முடியவில்லை, நான் பதிலைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஒவ்வொரு நாளும், ஒரே பதில்.

ஏனென்றால் காரணம் அவளுக்குத் தெரியும். யாருக்கும் தெரியாதது, ஜெபசிங்குக்கும் தெரியாதது. ஏழாம் மாதத்திலிருந்து, மத்தியானம் அம்மா கண் அசந்ததும், பெரிய ஹெட்போனை எடுத்து வயிற்றில் மாட்டிக்கொண்டு படுத்திருப்பாள், தினமும், இரண்டு வட்டமும் தொப்புளுக்கு இரண்டு பக்கமும், இதோ பாரு இதுதான் பேஸ் கிட்டார், இதோ இப்ப டிரம் வரும் பாரு என்று. பிள்ளை உதைக்கும். உதைத்தால் இவளுக்குச் சந்தோஷம், சந்தோஷத்தில் சத்தத்தை இன்னும் ஒரு கட்டை கூட்டுவாள். எந்தப் பக்கம் வலது காது இருந்திருக்கும், ஸ்கேன் படத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள், தலை கீழே, முகம் அந்தப் பக்கம், அப்படியானால், போட்ட கணக்கை அழித்து மறுபடி போட்டாள், எப்படிப் போட்டாலும் வலது காது ஹெட்போனுக்கு நேராகத்தான் வந்தது. உதைத்தது ஆட்டம் என்று நினைத்தாளே, போதும் நிறுத்து என்று உதைத்திருந்தால்? எந்த அம்மாவும் செய்யாத தப்பு, பாட்டுப் பைத்தியம் பிடித்த ஒருத்தி மட்டுமே செய்கிற தப்பு. மற்ற அம்மாக்கள் குங்குமப்பூப் போட்டுப் பால் குடித்தார்கள்.

வெளியே வராந்தாவில் சாப்பாட்டுத் தள்ளுவண்டியிலிருந்து எவர்சில்வர் மூடி ஒன்று விழுந்தது. விழுந்தது மட்டுமில்லை, விழுந்து, உருண்டு, சுவரில் மோதி, சுழன்று சுழன்று, நிற்பேனா என்று அடம்பிடித்து, கடைசியில் ஒரு பெரிய சிஞ்ஞாங்கோடு அடங்கியது. பதினாறு அலறினான். மைனி திரைக்கு வெளியே, "அம்மாடி யேசுவே" என்றாள். வினோலியாவின் மார்பு குலுங்கி ஒரு சொட்டுப் பால் தானாக வழிந்தது. பிள்ளை அசையவில்லை. இமை கூட. மேலே வெட்டவெளியில் அந்த வலது காது, அப்படியே, மடிந்த இதழ். வினோலியா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நோட்டு மொத்தமும், பஞ்ச்கனியும் லக்னோவும் மீன் டப்பாவும், ஒரே வீச்சில் தலையிலிருந்து இறங்கிப் போய்விட்டது, ப்ரையன் வில்சனும் எழுந்து போய்விட்டார், அவர் மேதை, மேதைக்கு ஒரு காது போதும், என் பிள்ளை மேதையாக வேண்டாம், ரோட்டைக் கடக்கும்போது வலப்பக்கம் வருகிற பஸ் கேட்டால் போதும், சிநேகிதி வலப்பக்கம் உட்கார்ந்து ரகசியம் சொன்னால் கேட்டால் போதும். திரை விலகி மைனியின் முகம் வந்தது. "ஏட்டி, எந்திச்சிட்டாளா?" "இல்ல மைனி." "நல்லதாப் போச்சு! அந்தப் பதினாறு அழுது ஊரக் கூட்டுதான், இனி அவன் தூங்கி எப்ப? நம்மள உள்ள வரச் சொல்லிட்டாங்க. என்னட்டி மொகம் இப்படிப் போச்சு?" "மூடி விழுந்துச்சு மைனி. இவ அசையவே இல்ல." மைனி பிள்ளையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "காலைல அஞ்சு மணியிலருந்து நம்ம ரெண்டு பேரும் தூங்கவிடாம போட்டு வதைச்சிருக்கோம். இப்ப ஆஸ்பத்திரியே இடிஞ்சி விழுந்தாலும் அவ எந்திக்க மாட்டா. ஜெபசிங்கு அக்கா மவளாக்கும், அவன் எங்கல்யாணத்துல பேண்டு வாசிக்கையில பெரிய டிரம்முக்குக் கீழ படுத்துத் தூங்குனவன்." "அக்கா மவளா?" "ஏ, தம்பி மவ. பயத்துல ஒளறுதேன். எந்தி." அப்போதுதான் வினோலியாவுக்குத் தெரிந்தது, மைனிக்கும் பயம்.

பரிசோதனை அறையின் கதவு குளிர்பெட்டிக் கதவு மாதிரி கனமாக இருந்தது, சுவரெல்லாம் முட்டைத் தட்டு மாதிரி பஞ்சு, மூடியதும் உலகம் அணைந்துவிட்டது, மின்விசிறி இல்லை, வண்டி இல்லை, தன் காதுக்குள் தன் ரத்தம் ஓடுகிற இரைச்சல் மட்டும். சோதனை செய்கிறவள் மேலப்பாளையத்துப் பெண், ஷிபானா என்று பெயர் அட்டை, தலைத்துணி ஓரத்தில் பூப்போட்டது, இவளைவிட இரண்டு வயது குறைவாகத்தான் இருப்பாள். "மடியிலயே இருக்கட்டும்க்கா, கீழ போட வேண்டாம். வலது மேல இருக்கா? அதையே மொதல்ல பாத்துருவோம்." இடதிலிருந்து ஆரம்பிக்கலாமே என்று சொல்ல வந்தாள், தெரிந்த பதிலை முதலில், சொல்லவில்லை. ரப்பர் மொட்டு காதுக்குள் போனது. பிள்ளை மூக்கைச் சுளித்தாள், ஐயோ, பிறகு விட்டாள். சின்னத் திரையில் கோடுகள். வினோலியா கோடுகளைப் பார்க்கவில்லை, மைனியின் கையைப் பார்த்தாள், அது இவளுடைய தோளில் இருந்தது, கனமான கை, அதன் அடியில் இவள் எதையும் எண்ணவில்லை, எந்தப் பெயரும் வரவில்லை, அவள் காத்திருந்தாள், காத்திருப்பது இவ்வளவுதானா, இருக்கிற இடத்தில் இருப்பது, மடியில் மூன்றரைக் கிலோ கனம், கதகதப்பு, பால் வாசனை, அவ்வளவு. "பாஸ்" என்றாள் ஷிபானா. "என்ன?" "பாஸ்க்கா. வலது பாஸ். சுத்தமா வந்திருக்கு, பாருங்க, பச்ச." "இன்னொரு தடவ பாருங்க." ஷிபானா இன்னொரு தடவை பார்த்தாள். பாஸ். திருப்பிப் போட்டு இடது பார்த்தாள். பாஸ். "போன தடவ காதுக்குள்ள பிரசவத் தண்ணி நின்னுருக்கும். ரெண்டாம் நாள்ல நெறையப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் வரும்."

வினோலியாவுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை, இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன, நடுவில் புகுந்து அந்த ஹெட்போன் வெளியே விழுந்துவிட்டது, ஏழாம் மாதம், மத்தியானம், ஒரு கட்டை கூட, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முன்பின் தெரியாத பெண்ணிடம் கொட்டினாள். மைனி வாயைப் பிளந்தாள். ஷிபானா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சத்தமா வைக்கக்கூடாதுதான்க்கா, அடுத்த பிள்ளைக்குச் செஞ்சிராதிய. ஆனா இதுக்கும் அதுக்கும் ஒண்ணும் கெடையாது. இத நெனச்சா மூணு வாரமா அழுதிய?" "அழல" என்றாள் வினோலியா அழுதுகொண்டு. "வயித்துல ரேடியோ பெட்டிய வச்சிக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா, நானும் ஒரு பாட்டு கேட்டிருப்பேம்லா" என்றாள் மைனி.

மொட்டைத் துடைத்துக்கொண்டே ஷிபானா கேட்டாள்: "இந்த மிஷின் என்ன செய்யுதுன்னு தெரியுமாக்கா உங்களுக்கு?" "சத்தம் அனுப்பும். பிள்ளைக்குக் கேக்குதான்னு பாக்கும்." "தூங்குற பிள்ள கேட்டுச்சுன்னு எப்படிச் சொல்லும்?" வினோலியா யோசித்தாள். முன்பானால் எதையாவது அழுத்தியிருப்பாள். "தெரியல." "காதுக்குள்ள நத்தக்கூடு மாதிரி ஒண்ணு இருக்கும். நாம ஒரு சத்தம் அனுப்புனா, நல்ல காதா இருந்தா, அது பதிலுக்கு ஒரு சத்தம் உண்டாக்கி வெளிய அனுப்பும். ரொம்பச் சின்னச் சத்தம், நமக்குக் கேக்காது. அதத்தான் மிஷின் ஒட்டுக் கேக்குது." வினோலியா பிள்ளையைப் பார்த்தாள். "காது சத்தம் போடுமா?" "ஆமாக்கா." "இவ காதா?" "இப்பத்தான் போட்டா. ரெண்டு காதும்." நோட்டில் இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பக்கத்திலும் இல்லை, எந்த வினாடி வினாவிலும் யாரும் கேட்டதில்லை, எத்தனையோ பாட்டுக்காரர்களின் பல்லையும் கையையும் எண்ணினவளுக்கு இது தெரியாது. தூங்கிக்கொண்டே, முகத்தில் ஒரு சலனம் இல்லாமல், யாருக்கும் கேட்காத ஏதோ ஒன்றை இந்த இருபத்திரண்டு நாள்காரி திருப்பி வாசித்திருக்கிறாள், கேட்டவுடனே, சரியாக. "ரேஷன் கடைக் கூச்சலக் கேட்டுக் கேட்டுத் தேஞ்ச எங் காதும் போடுமா?" என்றாள் மைனி. "ரேஷன் கடை காதுக்கு உறுதி சொல்ல மாட்டேன் பெரியம்மா, வயசாக ஆகக் கொறஞ்சிரும்." "வயசா! யாருக்கு?" வினோலியா எதையும் கேட்கவில்லை. அவள் குனிந்தாள், எழுந்தால் எழட்டும் என்று முழுக்கக் குனிந்து, தன் காதைப் பிள்ளையின் வலது காதோடு ஒட்டி வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கதகதப்பாக மட்டும் இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துப் பார்த்தாள். "அதான் கேக்காதுன்னேன்லக்கா, வெளிய பதினாறு நிக்கான்" என்றாள் ஷிபானா. "ஒரே நிமிஷம்" என்றாள் வினோலியா. மைனி செருப்புச் சத்தம் இல்லாமல் இந்தப் பக்கம் சுற்றி வந்து, முழங்காலில் கை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடது காதுக்குத் தன் காதைக் கொடுத்தாள். "ஏட்டி," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, கிசுகிசுப்பாக, "எனக்கு என்னமோ கேக்க மாதிரி இருக்கு." "சும்மா இருங்க மைனி," என்றாள் வினோலியா, "பாடிக்கிட்டிருக்கா."